1420 மதிப்பெண்ணை அனுப்பலாமா, வேண்டாமா?

கரூர் பக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் மாநிலப் பாடத்திட்டத்தில், ஆங்கில வழியில் பிளஸ் டூ படிக்கிறாள். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும் என்று ஆசை. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை ஆகஸ்டில் எழுதியதில் 1600-க்கு 1420 வந்திருக்கிறது. கணிதத்தில் 770, ஆங்கிலப் பகுதியில் 650. விண்ணப்பிக்கப் போகும் கல்லூரிகள் ஒன்பது: எம்.ஐ.டி., ஜார்ஜியா டெக், பர்டூ, டெக்சஸ் பல்கலைக்கழகம் ஆஸ்டின், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ, அர்வைன் வளாகங்கள், மிச்சிகன், மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட், போடின். “இந்த மார்க்கை அனுப்பினால் என் விண்ணப்பமே கெட்டுவிடும்” என்கிறாள் மகள். “இவ்வளவு செலவு செய்து எழுதிவிட்டு அனுப்பாமல் இருப்பதா” என்கிறார் இவர். அந்தப் பள்ளியிலிருந்து இதற்கு முன் யாரும் அமெரிக்காவுக்கு விண்ணப்பித்ததில்லை. கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை.

கோவையில் ஒரு பள்ளியில், வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் வேலையைத்தான் 15 வருடமாகச் செய்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். அனுப்பலாமா வேண்டாமா என்று ஒன்பது கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்க முடியாது. உங்கள் பட்டியலில் நான்கு கல்லூரிகள் மதிப்பெண் கட்டாயம் என்கின்றன: எம்.ஐ.டி., ஜார்ஜியா டெக், பர்டூ, ஆஸ்டின். அங்கே அனுப்பாமல் விண்ணப்பமே முழுமை பெறாது. கலிபோர்னியா வளாகங்கள் இரண்டும் சேர்க்கைக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் அனுப்பினாலும் சேர்க்கை முடிவு எடுப்பவர் கண்ணில் அது படாது. மீதி மூன்றில்தான், அதாவது மிச்சிகன், ஆம்ஹர்ஸ்ட், போடின் ஆகியவற்றில்தான், முடிவு உங்கள் கையில் இருக்கிறது. ஆக, வீட்டில் நடக்கும் சண்டை ஒன்பது கல்லூரிகளைப் பற்றியது இல்லை, மூன்றைப் பற்றியது. இதை மகளிடம் சொன்னாலே பாதி பாரம் இறங்கும்.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. மதிப்பெண் கட்டாயமில்லை என்ற வழக்கம் பழையது. மெய்ன் மாநிலத்தில் இருக்கும் போடின் கல்லூரி 1969-லேயே அதை ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் 2020 வரை பெரிய கல்லூரிகளில் பெரும்பாலானவை மதிப்பெண் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. கொரோனாவில் தேர்வு மையங்கள் மூடியதும் ஏறக்குறைய எல்லோருமே ‘டெஸ்ட் ஆப்ஷனல்’, அதாவது மதிப்பெண் கட்டாயமில்லை என்று ஆனார்கள். அப்புறம் எம்.ஐ.டி. 2022 மார்ச்சில் பழைய விதிக்குத் திரும்பியது. 2024-ல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக், ஆஸ்டின் என்று வரிசையாகத் திரும்பின. யேல் அப்போது எஸ்.ஏ.டி.க்கும், அதைப் போன்ற இன்னொரு தேர்வான ஏ.சி.டி.க்கும் பதிலாக ஏ.பி. அல்லது ஐ.பி. என்ற பாடவாரித் தேர்வுகளின் மதிப்பெண்களையும் ஏற்பதாகச் சொன்னது. கொலம்பியா போன்ற சில, கட்டாயமில்லை என்பதையே நிரந்தரமாக்கிக்கொண்டன. கலிபோர்னியா பல்கலைக்கழகம் எதிர்த்திசையில் போய், பார்க்கவே மாட்டோம் என்றது. அதனால் உறவினர் வீட்டுப் பையன் 2022-ல் மதிப்பெண் இல்லாமல் சேர்ந்தான் என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்திலும் உங்கள் மகள் சேரப்போகும் ஆண்டுக்கான விதி என்ன என்று படித்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யூடியூபில் யாரோ சொன்னதைவிட அந்தப் பக்கம்தான் முக்கியம்.

சரி, அந்த மூன்றுக்கு வருவோம்.

நம் ஊரில் மதிப்பெண் என்றாலே கட் ஆஃப் ஞாபகம்தான் வரும். தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்குப் போட்டு, 196 வைத்திருப்பவர் 195.5 வைத்திருப்பவருக்கு முன்னால் நிற்பார். அரை மார்க்கில் கல்லூரியே மாறிப்போகும். அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் பெண்ணும் 1420-ஐப் பார்த்து, 1500 வாங்கியவளுக்குப் பின்னால் நிற்கிறோம் என்று பயப்படுகிறாள். அமெரிக்கக் கல்லூரிகள் அப்படி வரிசை போடுவதில்லை. விண்ணப்பக் கோப்பைத் திறப்பவர் பள்ளி மதிப்பெண், ஆசிரியர்களின் கடிதம், கட்டுரை, பள்ளியைப் பற்றிய குறிப்பு, எஸ்.ஏ.டி. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார். அவர் மனதில் ஓடும் கேள்வி, “இந்தப் பிள்ளை தனக்குக் கிடைத்த இடத்தில் இருந்துகொண்டு என்ன செய்திருக்கிறாள், இங்கே வந்தால் பாடத்தைச் சமாளிப்பாளா” என்பதுதான். 1420 என்ற எண் அந்தக் கேள்விக்கு உதவுகிறதா, இல்லையா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

இதைப் பார்க்க எல்லோரும் சொல்லும் வழி ஒன்று உண்டு. பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுதோறும் ‘காமன் டேட்டா செட்’ என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. கல்லூரிப் பெயரோடு அந்த வார்த்தையையும் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி9 என்ற பகுதிக்குப் போங்கள். புதிதாகச் சேர்ந்த மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் எஸ்.ஏ.டி. மதிப்பெண் அனுப்பினார்கள் என்று இருக்கும். அவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து கால் பங்கில் நிற்பவரின் மதிப்பெண், நடுவில் நிற்பவரின் மதிப்பெண், முக்கால் பங்கில் நிற்பவரின் மதிப்பெண் ஆகியவையும் இருக்கும். நடு எண்ணுக்கு மேல் இருந்தால் அனுப்பு, கால் பங்கு எண்ணுக்குக் கீழே இருந்தால் அனுப்பாதே, இடையில் இருந்தால் யோசி. இதுதான் எல்லா இடத்திலும் சொல்லப்படும் கணக்கு. தொடக்கத்துக்கு அது போதும். ஆனால் அந்த அட்டவணையை அப்படியே நம்புவதில் இரண்டு தவறு நடக்கிறது.

முதல் தவறு, சதவீதத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது. மதிப்பெண் கட்டாயமாக இருந்த காலத்தில் சேர்ந்த எல்லோருடைய மதிப்பெண்ணும் அந்த அட்டவணையில் இருந்தது. இப்போது நல்ல மதிப்பெண் வந்தவர்கள்தான் அனுப்புகிறார்கள். ஒரு கல்லூரியில் 1390 முதல் 1530 வரை என்று போட்டு, அனுப்பியவர்கள் 45 சதவீதம் என்றும் போட்டிருந்தால், மீதி 55 சதவீதம் பேரும் அதே கல்லூரியில்தான் படிக்கிறார்கள். அவர்களில் பலருடைய மதிப்பெண் இதைவிடக் குறைவாக இருந்திருக்கும். அந்த வகுப்பின் உண்மையான நிலை அட்டவணை காட்டுவதைவிடக் கீழேதான் இருக்கும். டெக்சஸ் ஆஸ்டின் 2024-ல் இதை வெளிப்படையாகவே சொன்னது. அந்த ஆண்டு விண்ணப்பித்தவர்களில், மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டவர்களின் நடு மதிப்பெண் 1420. வேண்டாம் என்றவர்களின் நடு மதிப்பெண் 1160. உங்கள் பெண்ணின் மதிப்பெண்ணும் அதே 1420-தான். அனுப்பத் துணிந்தவர்களின் கூட்டத்திலேயே நட்டநடுவில் நிற்கும் மதிப்பெண் அது. அதை வைத்துக்கொண்டுதான் அவள் ஒளிக்கப் பார்க்கிறாள்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. அந்த அட்டவணையில் நியூ ஜெர்சியில் நல்ல பள்ளியில் படித்து, பத்தாம் வகுப்பிலிருந்தே பயிற்சி எடுத்து, நான்கு முறை தேர்வு எழுதிய பிள்ளையும் இருப்பான். கரூர் பக்கத்துப் பெண்ணின் 1420-ஐ அவனுடைய 1480-க்குப் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்ப்பது நியாயமில்லை. கோப்பைப் படிப்பவர்களும் அப்படிச் செய்வதில்லை. 2024 பிப்ரவரியில் டார்ட்மத் கல்லூரி மதிப்பெண்ணைத் திரும்பக் கட்டாயமாக்கியபோது அடிப்படையாக வைத்த ஆய்வு இதைத்தான் சொன்னது. அங்கேயே பணிபுரியும் பேராசிரியர்கள், பொருளாதாரம் படித்த மூன்று பேரும் சமூகவியல் படித்த ஒருவரும் சேர்ந்து, பழைய விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தார்கள். வசதி குறைந்த குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் 1400-ஐ ஒட்டிய மதிப்பெண்ணை, அது குறைவு என்று நினைத்து அனுப்பாமல் விட்டிருந்தார்கள். அனுப்பியிருந்தால் அது அவர்களுக்கு உதவியிருக்கும் என்று தெரிந்தது. ஏனென்றால் சேர்க்கைக் குழு அந்த எண்ணை அந்தப் பள்ளியின் சூழலோடு சேர்த்துத்தான் படிக்கிறது. சுற்றிலும் 1000 வாங்கும் இடத்தில் ஒரு பிள்ளை 1400 வாங்கியிருந்தால் அது அவர்கள் கண்ணில் பெரிய விஷயம். 2024-ல் அமெரிக்காவில் பள்ளி முடித்தவர்களின் எஸ்.ஏ.டி. சராசரியே 1024-தான்.

அந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு மனது கனத்துப்போனது. என்னிடம் வந்த பிள்ளைகளிலும் அப்படி ஒளித்தவர்கள் உண்டு. ஆரம்ப காலத்தில் நானே ஒளிக்கச் சொன்னதும் உண்டு.

உங்கள் பெண்ணின் பள்ளியை நினைத்துப் பாருங்கள். அந்தப் பள்ளியிலிருந்து இதுவரை யாரும் போனதில்லை என்றால், மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் உட்கார்ந்து கோப்பைப் படிப்பவருக்கு அந்தப் பள்ளியின் பெயரே புதிது. பத்தாம் வகுப்பில் 500-க்கு 487, பிளஸ் ஒன்னில் 600-க்கு 571 என்று இருந்தால் நமக்கு அதன் மதிப்பு தெரியும். அவருக்குத் தெரிய வழியில்லை. தமிழ்நாட்டில் அந்த அளவு மதிப்பெண் வாங்குபவர்கள் எத்தனை பேர், அந்த வினாத்தாள் எவ்வளவு கடினம், மனப்பாடம் எவ்வளவு, புரிதல் எவ்வளவு? எதுவும் தெரியாது. டெல்லியிலோ பெங்களூரிலோ ஆண்டுக்கு 40 பேரை அனுப்பும் பள்ளி என்றால் போன வருடம் வந்தவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதை வைத்து மதிப்பிடுவார்கள். உங்களுக்கு அந்த வசதி இல்லை. இந்த இடத்தில்தான் கணிதத்தில் 770 என்ற எண் வேலை செய்கிறது. அது அவர்களுக்குப் பழகிய அளவுகோல். இந்தப் பெண்ணின் பள்ளி மதிப்பெண் வெறும் தாராளத்தில் வந்ததில்லை என்று அது சொல்லிவிடும். அதை எடுத்துவிட்டால் கோப்பில் மிஞ்சுவது அவர்களால் அளக்க முடியாத மதிப்பெண்கள் மட்டும்தான்.

அதனால் என் கருத்து இது. ஆம்ஹர்ஸ்டுக்கு யோசிக்காமல் அனுப்புங்கள். மிச்சிகனில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போட்டி கடுமை. அட்டவணையில் அவளுடைய மொத்த மதிப்பெண் நடுவுக்குக் கீழேதான் இருக்கும். இருந்தாலும் அனுப்பச் சொல்வேன். சி9 பகுதியில் கணிதம் தனியாகவும் ஆங்கிலம் தனியாகவும் போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கும் பிள்ளைக்கு முதலில் பார்ப்பது கணிதம்.

போடினுக்கு இந்த 1420-ஐ இப்படியே அனுப்ப வேண்டாம் என்பேன். அது வாசிப்பும் எழுத்தும் தினமும் நடக்கும் சிறிய கல்லூரி. அங்கே 650 கொஞ்சம் இடறும். அதைவிட முக்கியம், மதிப்பெண் இல்லாத கோப்பை 50 ஆண்டுக்கு மேலாகப் படித்துப் பழகியவர்கள் அவர்கள். ஏன் அனுப்பவில்லை என்ற கேள்வி அங்கே எழாது. கட்டுரையும் ஆசிரியர் கடிதங்களும் அவளுக்காகப் பேசட்டும். இன்னொரு விஷயம். போடின் வெளிநாட்டு மாணவர்களிடமும் பண வசதியைப் பார்க்காமல்தான் சேர்க்கை முடிவு எடுக்கிறது. உங்கள் பட்டியலில் எம்.ஐ.டி.யும் அப்படித்தான். அதனால் அந்த விண்ணப்பத்தைக் கவனமாகச் செய்வது உங்களுக்கு லாபம்.

எம்.ஐ.டி.யைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே சேர்ந்தவர்களின் கால் பங்கு எண்ணே 1500-க்கு மேல். 2022-ல் மதிப்பெண்ணைத் திரும்பக் கொண்டுவந்தபோது அவர்கள் சொன்ன காரணம் நேர்மையானது. எந்தத் துறையில் சேர்ந்தாலும் அங்கே எல்லா மாணவர்களும் இரண்டு செமஸ்டர் கால்குலஸும் இரண்டு செமஸ்டர் இயற்பியலும் முடித்தாக வேண்டும். அந்தத் தயார்நிலையைத் தேர்வு காட்டுகிறது என்றார்கள். இந்த 1420-ஓடு அங்கே விண்ணப்பிப்பதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் எம்.ஐ.டி.க்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டுரைகள். அந்த நேரத்தை பர்டூவுக்கும் ஜார்ஜியா டெக்குக்கும் கொடுப்பது நல்லதா என்று அவளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொரு முறை எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். 770-இல் ஏறுவதற்கு இடம் அதிகமில்லை, 650-இல் இருக்கிறது. இப்போதைய எஸ்.ஏ.டி. கணினியில் நடக்கிறது. 2 மணி 14 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆங்கிலப் பகுதியில் 27 கேள்விகள் வீதம் இரண்டு சுற்று. முதல் சுற்றில் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இரண்டாவது சுற்று கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிய சுற்று வந்துவிட்டால் அதில் எல்லாவற்றையும் சரியாகப் போட்டாலும் உயரத்துக்குப் போக முடியாது. நம் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: அரைப்புள்ளி, முக்கால்புள்ளி எங்கே போடுவது என்ற கேள்விகள், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் எந்த இணைப்புச் சொல் பொருந்தும் என்ற கேள்விகள். இரண்டுமே விதிகள். ஒரு மாதத்தில் பழகிவிடலாம். எஸ்.ஏ.டி.யை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வுகள் இலவசம். கான் அகாடமியில் பயிற்சியும் இலவசம். இதற்காக இன்னொரு 50,000 ரூபாய் கட்ட வேண்டிய அவசியம் இல்லை.

அக்டோபரில் எழுதினால் நவம்பர் 1-ஐ ஒட்டி வரும் முன்கூட்டிய விண்ணப்பக் கெடுவுக்குள் மதிப்பெண் வந்துவிடும். தேர்வு முடிந்து ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பல கல்லூரிகள் ‘சூப்பர்ஸ்கோர்’ என்று ஒன்று செய்கின்றன. வெவ்வேறு நாளில் எழுதியதில் எந்தப் பகுதியில் எப்போது அதிகமோ அதை மட்டும் எடுத்துச் சேர்ப்பார்கள். ஆகஸ்டில் கணிதம் 770. அக்டோபரில் கணிதம் 740-க்கு இறங்கி, ஆங்கிலம் 700-க்கு ஏறியது என்று வைத்துக்கொள்வோம். அந்த நாளின் மொத்தம் 1440-தான். ஆனால் கல்லூரி பார்ப்பது 770-ம் 700-ம் சேர்ந்த 1470. அது வந்துவிட்டால் போடின் விஷயத்திலும் என் பதில் மாறும், அனுப்பலாம் என்பேன். இரண்டாம் முறை குறைந்துவிட்டால் என்ன செய்வது என்று பயப்படத் தேவையில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் எந்த நாள் மதிப்பெண்ணை அனுப்புவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஜார்ஜ்டவுன் போல எழுதிய எல்லாவற்றையும் கேட்கும் கல்லூரிகள் சில உண்டு. உங்கள் பட்டியலில் அது இல்லை.

அனுப்பும் முறைக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பிள்ளைகள் தவறு செய்கிறார்கள்.

உங்கள் ஒன்பதில் எம்.ஐ.டி.க்கும் கலிபோர்னியாவுக்கும் தனித் தளம். மீதி ஆறும் ‘காமன் ஆப்’ என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகப் போகும். காமன் ஆப்பில் தேர்வு என்று ஒரு பகுதி இருக்கிறது. மதிப்பெண்ணை நீங்களே பதிவு செய்கிறீர்களா என்று கேட்கும். ஆம் என்றால் ஒவ்வொரு பகுதியிலும் வாங்கிய அதிக மதிப்பெண்ணையும் தேதியையும் போட வேண்டும். அந்தப் பகுதி எல்லாக் கல்லூரிகளுக்கும் பொது. மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்கவா வேண்டாமா என்ற கேள்வி தனியாக, அந்தந்தக் கல்லூரியின் கேள்விகளில் வரும். ஆக போடினுக்கு வேண்டாம் என்று அங்கே சொல்லிவிட்டு, பொதுப் பகுதியில் 1420-ஐ அப்படியே விட்டுவிட்டால் அது அவர்கள் கைக்கும் போய்விடலாம். போடினுக்குச் சமர்ப்பிக்கும் முன் பொதுப் பகுதியிலிருந்து மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள். சமர்ப்பித்த பிறகு மறுபடி போட்டுக்கொண்டு அடுத்த கல்லூரிக்குப் போங்கள். ஒரு முறை அனுப்பியது அப்படியே அந்தக் கல்லூரியில் இருக்கும், அடுத்ததற்கு மாற்றிக்கொள்ள காமன் ஆப் அனுமதிக்கிறது. சமர்ப்பிக்கும் முன் பி.டி.எஃப். ஆகக் காட்டுவார்கள். அதைத் திறந்து கடைசிப் பக்கம் வரை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். தலைமையாசிரியரிடமும் சொல்லி வையுங்கள். அன்பில், “எங்கள் மாணவி எஸ்.ஏ.டி.யில் 1420 எடுத்தவள்” என்று அவர் கடிதத்தில் எழுதிவிட்டால், நீங்கள் வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கும் அது போய்விடும்.

பல கல்லூரிகள் விண்ணப்பிக்கும்போது நாமே பதிவு செய்த மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்கின்றன. இடம் கிடைத்து, சேரப்போகிறோம் என்று முடிவான பிறகு காலேஜ் போர்டிலிருந்து நேரடியாக அனுப்பினால் போதும். இது நமக்குப் பெரிய மிச்சம். ஒவ்வொரு கல்லூரிக்கும் டாலரில் கட்டணம் கட்ட வேண்டிய வேலை அப்போது ஒரே கல்லூரியோடு முடிந்துவிடும். தேர்வு முடிந்த 9 நாளுக்குள் சொன்னால் நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்புவார்கள். ஆனால் மதிப்பெண் வரும் முன்பே சொல்ல வேண்டும். அதனால் அந்த நான்கில் கட்டாயம் கேட்கும் கல்லூரிகளை மட்டும் போடுங்கள். போடினைப் போட்டுவிட்டால் அப்புறம் திரும்ப வாங்க முடியாது.

இனி சொல்லப்போவதை நான் சந்திக்கும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திடமும் சொல்கிறேன். பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். உதாரணத்துக்கு, பள்ளிச் சான்றிதழில் கவிதா எஸ். என்று இருக்கும். ஆதாரில் எஸ் முன்னால் வந்திருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து, கவிதா செல்வராஜ் என்று போட்டிருப்பார்கள். சிலருக்கு அந்தக் குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருக்கும். எஸ்.ஏ.டி. கணக்கு திறக்கும்போது அவசரத்தில் கடைசிப் பெயர் என்ற இடத்தில் எஸ் என்ற ஒற்றை எழுத்தைப் போடுவாள். காமன் ஆப்பில் செல்வராஜ் என்று போடுவாள். அமெரிக்கக் கணினிக்கு இவர்கள் இரண்டு பேர்.

சில வருடம் முன்பு எங்கள் மாணவன் ஒருவனுக்கு இதே கதை நடந்தது. மதிப்பெண் கட்டாயம் என்ற கல்லூரி. நவம்பரிலேயே காலேஜ் போர்டு வழியாக அனுப்பிவிட்டோம், பணமும் கட்டியாயிற்று. ஜனவரி பாதியில் அந்தக் கல்லூரியின் போர்ட்டலைத் திறந்தால் மதிப்பெண் வரவில்லை என்று சிவப்பில் நிற்கிறது. பையன் முகம் வெளிறிப்போனது. காலேஜ் போர்டிலோ, போய்ச் சேர்ந்துவிட்டது என்று காட்டுகிறது. அப்புறம்தான் பிறந்த தேதி, எஸ்.ஏ.டி. பதிவு எண், இரண்டு விதமாக இருக்கும் பெயர், மூன்றையும் போட்டுச் சேர்க்கை அலுவலகத்துக்கு நான்கு வரி எழுதினோம். நான்காம் நாள் சிவப்பு பச்சையானது. மதிப்பெண் அவர்களிடம்தான் இருந்திருக்கிறது, அவன் கோப்போடு சேராமல் தனியாகக் கிடந்திருக்கிறது. போர்ட்டலைத் திறந்து பார்க்காமல் இருந்திருந்தால் அந்த விண்ணப்பம் படிக்கப்படாமலே போயிருக்கும்.

அதனால் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் போடுங்கள். ஏற்கெனவே எஸ்.ஏ.டி. கணக்கில் வேறு மாதிரி இருந்தால் அக்டோபர் தேர்வுக்கு முன்பே காலேஜ் போர்டுக்கு எழுதித் திருத்துங்கள். தேர்வு மையத்தில் காட்டும் அடையாள ஆவணத்தோடும் அது ஒத்துப்போக வேண்டும். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல்தான் இருக்கிறது என்றால், இந்த இரண்டு பெயரும் ஒரே மாணவியைக் குறிக்கும் என்று தலைமையாசிரியர் பள்ளித் தாளில் ஒரு வரி எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரட்டும். காமன் ஆப்பில் வேறு பெயர் இருந்தால் குறிப்பிட இடம் இருக்கிறது, அதையும் நிரப்புங்கள்.

தலைமையாசிரியரிடம் போகும்போதே இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள். பள்ளியைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. மொத்தம் எத்தனை மாணவர்கள், எந்தப் பாடத்திட்டம், போன ஆண்டு பிளஸ் டூவில் எத்தனை பேர் 600-க்கு 550-க்கு மேல் எடுத்தார்கள், அவளுடைய வகுப்பில் அவள் எங்கே நிற்கிறாள், இதற்கு முன் வெளிநாட்டுக்கு யாரும் விண்ணப்பித்ததில்லை என்பது உட்பட. பெரிய பள்ளிகளில் இதை அச்சடித்தே வைத்திருப்பார்கள். உங்கள் பள்ளியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாக விளக்குங்கள். மேலே நான் சொன்னபடி, 1420 ஒரு பெரிய விஷயமாகத் தெரிய வேண்டும் என்றால் அது எந்த இடத்திலிருந்து வந்தது என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும். அந்த ஒரு பக்கம் இல்லாமல் போனால் அது வெறும் 1420-தான்.

டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். வேறு கணக்கு. டெஸ்ட் ஆப்ஷனல் என்ற வார்த்தை எஸ்.ஏ.டி., ஏ.சி.டி.க்கு மட்டும்தான். ஆங்கிலத் தகுதித் தேர்வு கேட்கும் கல்லூரி அதைத் தனியாகக் கேட்கும். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு விலக்கு உண்டா, எஸ்.ஏ.டி. ஆங்கில மதிப்பெண்ணையே போதும் என்று எடுத்துக்கொள்வார்களா என்று ஒவ்வொரு தளத்திலும் பார்த்துவிடுங்கள். உதவித்தொகையும் அப்படித்தான். சேர்க்கைக்கு மதிப்பெண் வேண்டாம் என்று சொல்லும் சில பல்கலைக்கழகங்கள் உதவித்தொகைக்கு அதைக் கேட்கும்.

மகளிடம் இதைப் பேசும்போது, செலவு செய்தோம் என்ற காரணத்தை மட்டும் எடுக்காதீர்கள். அவளுடைய பயம் அந்தப் பணத்தைப் பற்றியது இல்லை. இந்த எண்ணை வைத்துத் தன்னைக் குறைவாக எடைபோட்டுவிடுவார்களோ என்பதுதான். டெக்சஸ் விஷயத்தையும் டார்ட்மத் விஷயத்தையும் அவளிடம் சொல்லுங்கள். சி9 பகுதியை அவளே திறந்து, மூன்று கல்லூரிக்கும் எண்களை எழுதட்டும். போடினுக்கு அனுப்பவில்லை என்று நீங்கள் அவள் பக்கம் வந்தால், மிச்சிகனுக்கு அனுப்புவதில் அவளும் உங்கள் பக்கம் வருவாள் என்று நினைக்கிறேன். இந்த வாரத்துக்கு அக்டோபர் தேர்வுக்குப் பதிவு செய்வதும், பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு பெயரைச் சரிபார்ப்பதும் போதும்.